மார்கழியில் விற்ற அம்பாசடர்

என் வீட்டுக்காரருக்கு எல்லாம் வரும், விலை சொல்ல மட்டும் வராது. அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தார். ஊரார் கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் தன் பொருளை வாங்க ஒருவர் வாசலில் வந்து நின்று, "என்ன சார் எதிர்பாக்கீங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், பெண் பார்க்க வந்த இடத்தில் நிற்கிற பெண் மாதிரி தலையைக் குனிந்துகொள்வார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்பார். வந்தவரும் பார்த்துத்தான் சொல்வார், தன் மடியைப் பார்த்து.

எங்கள் ஸ்கூட்டர் அப்படித்தான் போனது. அதை வாங்கியவர் அடுத்த மாதமே இரண்டு பங்கு விலைக்கு வேறொருவரிடம் தள்ளிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்கு அல்வா வாங்கி வந்து கொடுத்தார். இவரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நெய் தூக்கலாக இருக்கிறது என்று பாராட்டினார். நான் அந்தப் பொட்டலத்தைத் தொடவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதக் கடைசி. பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் வந்தார், காபி குடித்தார், வீட்டை விற்கப்போவதாகச் சொன்னார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இருந்தாலும் இத்தனை வருஷம் குடியிருந்தவர்கள் என்பதால் முதலில் எங்களிடம் சொல்கிறாராம். விலையையும் சொன்னார். இவர் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்காமல், "சரி அண்ணாச்சி" என்றார். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. பெரும்பகுதிக்கு வீட்டுக் கடன் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தை முதல் தேதி காலையில் அறுபதாயிரம் அட்வான்ஸ் தட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்று சாயங்காலமே ஜவுளிக்கடைக்காரர் வைத்துவிடுவார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். பக்கத்துத் தெருவில் இருந்த பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். பள்ளியின் முதல் மணி என் சமையலறை ஜன்னலுக்குக் கேட்கும். அதைக் கேட்டபிறகு காபியை ஆற்றிக் குடித்துவிட்டுக் கிளம்பினால்கூட இரண்டாம் மணிக்கு வகுப்பில் நிற்பேன். டவுன் பஸ்ஸில் தொங்கி வருகிற மற்ற டீச்சர்களுக்கு என்மேல் பொறாமை, எனக்கு அதில் பெருமை. அந்த ஜன்னலில் வேறு ஒருத்தி நின்று காபி ஆற்றுவாள் என்று நினைத்தாலே வயிறு எரிந்தது.

விற்பதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பொருள். என் மாமனார் விட்டுப்போன பெட்ரோல் அம்பாசடர். பழைய வண்டிதான், ஆனால் இவர் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். குற்றாலத்துக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போய், எட்டுப் பேரையும் மூச்சு வாங்காமல் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். காரை விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம். விற்பது யார் என்பதில்தான் நான் ஏமாந்தேன். அது ஆண்பிள்ளை வேலை என்று இவரிடம் விட்டுவிட்டேன்.

மார்கழி பிறந்த மறுநாள் ஒரு தரகரைக் கூட்டி வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, பேச்சில் தேன். வண்ணார்பேட்டையில் ஒரு காலி மனையில் பழைய வண்டிகளை நிறுத்தி வாங்கி விற்பவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அந்த ஒரு சுற்றுக்குள் எங்கள் வீட்டு விஷயம், அட்வான்ஸ், தை முதல் தேதி எல்லாவற்றையும் இவர் ஒப்பித்துவிட்டார்.

"சார்வாள், வண்டி நல்ல வண்டிதான், இல்லைன்னு சொல்லல" என்றார் தரகர். "ஆனா மாருதி வந்த பொறவு இந்த யானையைக் கட்டித் தீனி போட யாரு வாரா? அதுலயும் இது மார்கழி. மார்கழியில ஒருத்தன் ஒரு சைக்கிள் வாங்குவானா? எந்தப் பொருளும் கைமாறாதே. தை பொறக்கட்டும்னு இருந்தா உங்க காரியம் கெட்டுப்போவும். எனக்கே மனசு கேக்க மாட்டேங்கு. நீங்க என்ன எதிர்பாக்கீங்க?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

"முப்பத்தஞ்சு. உங்களுக்காகச் சொல்லுதேன்."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். நான் கரண்டியோடு வாசலுக்கு வந்து, "யோசிச்சுச் சொல்லுதோம் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் அவர் மார்கழியைப் பற்றிச் சொன்னது பொய் என்று எனக்கும் தோன்றவில்லை. மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூட வாங்க மாட்டோம். கல்யாணப் பேச்சு கிடையாது, குடி போவது கிடையாது, புதுப்பொருள் வீட்டுக்குள் வராது. ஊரே அப்படித்தான் என்று பிறந்ததில் இருந்து நினைத்திருந்தவள் நான்.

மறுநாள் ஆசிரியர் அறையில் பி.டி. டீச்சரிடம் புலம்பினேன். அவள் பாளையங்கோட்டைக்காரி, எங்கள் பள்ளியில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெல தெரியணும்னா விக்கப் போகக்கூடாது டீச்சர், வாங்கப் போகணும்" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்குப் போனோம். தரகர் வெளியே போயிருந்தார். அவருடைய ஆள், நடுத்தர வயதுக்காரர், எங்களை முன்பின் பார்த்ததில்லை. வரிசையில் ஒரு அம்பாசடர் நின்றது. எங்கள் வண்டியின் வயதுதான். ஆனால் கதவைச் சாத்தினால் மறுபக்கக் கதவு திறந்துகொண்டது. பி.டி. டீச்சர் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து, விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகளை அதட்டுகிற குரலில் விலை கேட்டாள்.

"அறுபத்திரண்டும்மா. கட்டக் கடைசியா அறுபதுக்கு முடிச்சுத் தாரேன்."

"மார்கழியாச்சே, கொஞ்சம் குறைப்பீங்கன்னு பாத்தோம்" என்று மெல்ல இழுத்தேன்.

"எந்த மார்கழிம்மா?" என்று அவர் சிரித்தார். "கிறிஸ்மசுக்குக் கேட்டு வரிசையில ஆளு நிக்கி. மேலப்பாளையத்துல அரபு நாட்டுல இருந்து லீவுக்கு வந்தவங்க வேற தினம் வந்து பாக்காங்க. எங்க அண்ணாச்சி மார்கழியிலதான் சல்லிசா வாங்குவாரு, மார்கழியிலதான் நல்ல வெலைக்குத் தள்ளுவாரு."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று சொல்லி வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் நின்று பி.டி. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு மார்கழி கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கிடையாது. பக்கத்தில், முஸ்லிம்கள் நிறைந்த மேலப்பாளையம் முழுவதற்கும் கிடையாது. இத்தனை வருஷம் அவர்கள் நடுவிலேயே இருந்துகொண்டு, என் வீட்டுக் காலண்டரை ஊர்க் காலண்டர் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கணக்கு டீச்சர் என்று பெயர் வேறு.

வெற்றி பெற்றவள் போல வீட்டுக்கு வந்தால், சாமி அலமாரிக்கு முன்னால் ஒரு வெற்றிலையில் நூற்றியொரு ரூபாய் இருந்தது.

"என்ன இது?"

"அண்ணாச்சி வந்து அச்சாரம் குடுத்துட்டுப் போறாரு" என்றார் இவர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "முப்பத்தஞ்சு சொன்னவரை முப்பத்தெட்டுக்கு ஏத்திட்டேன், தெரியுமா? மிச்சத்துக்கு உன் வளையல் இருக்குலா, அடகு வச்சிரலாம்."

நான் என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. பக்கத்து வீட்டு வானொலியின் சத்தத்தை அவர்களாகவே குறைத்துக்கொண்டு கேட்டார்கள் என்று மட்டும் சொல்லலாம். தரகரின் இடத்தில் நான் கேட்டு வந்த விலையைச் சொன்னதும் இவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும், "அச்சாரம் வாங்கியாச்சே. வாங்கின கையால எப்படித் திருப்பிக் குடுப்பேன்? பேச்சு பேச்சுதானே?" என்றார். அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் எழுத்துக்குக்கூட மறுப்பு உண்டு, வெற்றிலையில் வைத்த அச்சாரத்துக்குக் கிடையாது. இவரைப் போன்ற மனிதருக்கு அது கழுத்தில் விழுந்த கயிறு. வீடு போய்விட்டது என்றே நினைத்தேன். கோபம் போய் அழுகை வந்தது.

மறுநாள் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் தலையில் பூசணிப் பூவைச் செருகும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு மார்கழி என்றால், அந்த அச்சாரத்துக்கும் மார்கழிதானே? கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. "வண்டியை எடுங்க" என்று இவரை எழுப்பினேன்.

தரகர் தன் மனைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் இருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர். இவர் காரைவிட்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கிப் போய், அதே வெற்றிலையை அதே நூற்றியொரு ரூபாயோடு அவர் முன்னால் நீட்டினேன்.

"அண்ணாச்சி, மார்கழியில எந்தப் பொருளும் கைமாறாதுன்னு நீங்கதான் எங்களுக்கு எடுத்துச் சொன்னீங்க. நல்ல காலம், சொன்னீங்க. மார்கழியில எந்தப் பொருளும் கைமாறாதுன்னா அச்சாரமும் கைமாறக் கூடாதுல்லா? விவரம் தெரியாம இவங்க வாங்கிட்டாங்க. உங்களுக்கு ஒரு தோஷமும் வந்துரக் கூடாதுன்னுதான் காலையிலேயே ஓடி வாரேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் தரகரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்ன சொல்ல முடியும்? மார்கழி எல்லாம் சும்மா என்று சொல்லலாம் என்றால், மார்கழியைக் காட்டியே அவருக்கு வண்டி விற்றவர்கள் இரண்டு பேராவது அங்கே டீ குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஒரு பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தம்மா சொல்லுதது நியாயந்தான வே, வாங்கிக்கிடும்" என்றார். தரகர் வாங்கிக்கொண்டார். "தை பொறக்கட்டும், பாப்போம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் பல் மட்டும்தான் சிரித்தது.

திரும்பி வரும்போது பாதி வழியில் இவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரிக்க ஆரம்பித்தார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு விலை குறிக்க உட்கார்ந்தோம். எங்கள் வண்டி அந்தக் கதவு திறக்கிற வண்டியைவிட எவ்வளவோ மேல். அறுபத்தைந்து கிடைத்தால் அட்வான்ஸும் ஆகும், கை கடிக்காமல் பொங்கலும் ஆகும். ஆகவே அறுபத்தைந்து சொல்லி அறுபதில் நிற்பது என்றேன். இவர் எழுபத்தைந்து சொன்னால் என்ன என்று கேட்டார். திடீர் வீரம். அவ்வளவு சொன்னால் கேட்பவர் படியேறவே மாட்டார் என்றேன். அப்படியானால் அறுபது என்றே சொல்லி அதிலேயே நின்றுவிடலாமே என்றார். அதுவும் ஆகாது. எங்கள் ஊரில் சொன்ன விலையைக் குறைக்காமல் வாங்கிப் போனவனை அவன் வீட்டிலேயே மதிக்க மாட்டார்கள். வருகிறவருக்குக் கொஞ்சம் கோபம் வர வேண்டும், ஆனால் செருப்பை மாட்டிக்கொள்ளக் கூடாது. அவர் குறைத்துவிட்டோம் என்ற பெருமையோடு போகவும் வேண்டும். சொல்கிற விலை என்பது அந்தப் பெருமைக்கும் சேர்த்துப் போடுகிற இலை. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை, அன்று கோபத்தில்தான் புரிந்தது.

விலை குறித்தாயிற்று, சொல்வது யார்? வருகிறவர்கள் ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அதனால் இவரை எதிரே உட்காரவைத்து வாய்ப்பாடு மாதிரிச் சொல்லச் சொன்னேன். முதல் தடவை "அறுபத்தஞ்சு" என்பதைக் காய்ச்சல்காரர் தண்ணீர் கேட்பது போலச் சொன்னார். இரண்டாவது தடவை சொல்லிவிட்டு, "உங்களுக்குச் சரிப்பட்டா" என்று சேர்த்தார். நான் ஸ்கேலை எடுத்தேன். பிறகு கொஞ்சம் தேறினார்.

பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று அட்டை ஒட்டினோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் காரைச் சர்ச் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார் இவர். மற்ற நாளில் ஆபீஸ் விட்டதும் மேலப்பாளையம் பஜார் வழியாகப் பையப் பைய ஓட்டி வந்தார். ஆட்களும் வந்தார்கள். சமையல் காண்டிராக்டர் ஒருவர் ஐம்பத்து நான்குக்குக் கேட்டார். ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் நான்கு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு ஐம்பது என்றார். அறுபதுக்குக் கீழே கேட்டால் நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். அதுதான் எங்களுக்குள் அடையாளம்.

கிறிஸ்மஸ் போனது. புது வருஷமும் பிறந்தது. தை நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்து நான்கை விட்டுவிட்டோமோ, ரொம்பத்தான் துள்ளிவிட்டோமோ என்று பயந்தேன். இவர்தான், "பொறு, பொறு" என்றார். யார் யாருக்குச் சொல்வது!

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம், நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, மேலப்பாளையத்தில் இருந்து தாயும் மகனும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மகன் வளைகுடாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்திருந்தார். ஆட்டோவில் இருந்து அந்த அம்மாளை இறக்குவதற்குள் மகனுக்கு வேர்த்துவிட்டது. நல்ல கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. மகன் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். அம்மாள் அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. பின்கதவைத் திறந்தார், உட்கார்ந்தார், இறங்கினார், திரும்ப உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ், எவ்வளவு சொகம்" என்றார் உள்ளே இருந்தபடியே. "மாருதியில ஏறுனா குழிக்குள்ள எறங்குத மாதிரி இருக்கு. எறங்கணும்னா ரெண்டு பேரு தூக்கணும். இது நம்ம வீட்டுக் கட்டில் மாதிரில்லா இருக்கு!"

மகன் பானெட்டுக்குப் பின்னால் இருந்து கண்ணைக் காட்டினார். அம்மாள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

மகன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இவரைப் பார்த்து, "என்ன சார் எதிர்பாக்கீங்க?" என்று கேட்டார்.

அதே கேள்வி. இவர் தலையைக் குனியவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்து, கணீரென்று, "அறுபத்தெட்டு" என்றார்.

டம்ளரைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டது நான் செய்த புண்ணியம். வாய்ப்பாட்டில் இல்லாத விலை! மகன் ஐம்பத்தெட்டு என்றார். இவர் ஆகாது என்று தலையை ஆட்டினார். மகன் அறுபது என்றார். இவர் வண்டியின் டயரைப் பற்றிப் பேசினார், பேட்டரியைப் பற்றிப் பேசினார், விலையைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆம்பளைங்களைப் பேச விட்டா அஸர் தொழுகை வரைக்கும் பேசுவாங்க. எம்மா, நீ வா இங்கன. நீ ஒரு வெல சொல்லு."

நான் கதவோரம் போய் நின்றேன். "உங்க முட்டிக்காக மூணு குறைச்சுக்கிடுதேன்மா. அறுபத்தஞ்சு."

"என் முட்டிக்கு மூணாயிரமா!" என்று அந்த அம்மாள் வண்டி குலுங்கச் சிரித்தார். "சரி, முடிஞ்சு போச்சு."

"உம்மா!" என்றார் மகன்.

"நீ சும்மா இரு. ஏறி எறங்கப் போறது நீயா, நானா?"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், இவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு விஷயம்... இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து பொருளை வெளிய அனுப்ப மாட்டோம்" என்றார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த அம்மாள், "அதுக்கென்ன? வண்டி நாளைக்கு வரட்டும். காசு இன்னைக்கே வீட்டுக்குள்ள வரட்டும். வெள்ளிக்கிழமை வார காசு நல்லதுல்லா" என்றார். மகன் பணத்தை எடுத்து இவர் கையில் வைத்தார். வண்டியை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு இருவரும் ஆட்டோவில் திரும்பிப் போனார்கள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் கேட்டேன். "அறுபத்தெட்டு எங்க இருந்து வந்துச்சு?"

"நீ எப்படியும் குறைப்ப" என்றார். "உனக்குக் குறைக்கக் கொஞ்சம் இடம் வேண்டாமா?"

அந்த மனிதரை எனக்கு அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்துப்போனது என்று சொன்னால் தப்பாக நினைக்கக் கூடாது.

தை முதல் தேதி, பால் பொங்கி இறக்கியதும், தட்டில் பழம், வெற்றிலை, அறுபதாயிரம் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வீட்டுச் சொந்தக்காரர் வந்தார், பொங்கல் சாப்பிட்டார். தட்டை எடுக்காமல், "சார்வாள், ஜவுளிக்கடைக்காரர் மேல அஞ்சு சேத்துத் தாரேங்காரு. நான் உங்களுக்குன்னு சொல்லிட்டேன். இருந்தாலும் நீங்களும் கொஞ்சம் பாத்துச் செய்யணும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் இவர் பேசிவிட்டார். குரல்கூட உயரவில்லை.

"அண்ணாச்சி, கார்த்திகையில நீங்க வெல சொன்னீங்க. நான் ஒரு ரூபா குறைச்சுக் கேக்கல. குறைச்சுக் கேட்டிருந்தா, இப்ப நீங்க கூட்டிக் கேக்கலாம்."

தட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் தள்ளிவைத்தார். வீட்டுச் சொந்தக்காரர் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் சொல்லிக் கொடுத்தேனோ என்று. சத்தியமாக இல்லை. இரண்டு கையாலும் தட்டை எடுத்துக்கொண்டு, "நியாயம்" என்றார்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, முதல் மணி அடிக்கும்போது நான் ஜன்னலில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். சொந்த ஜன்னல். இவருக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, என்னுடையதை நிதானமாகக் குடித்தேன். இரண்டாம் மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.